ஒத்தை எனக்கு, ரெட்டை அண்ணனுக்கு

என் அண்ணனும் நானும் பேசிக்கொண்ட நாட்களைவிட அடித்துக்கொண்ட நாட்கள்தான் அதிகம். இரண்டு வயதுதான் வித்தியாசம். அதனால் எழுத்தில்கூட அவனை ‘அவர்’ என்று போட எனக்குக் கை வரவில்லை. சின்ன வயதில் ஒரு பம்பரத்துக்காக அவன் என் தலையைத் தறிக்குழியின் விளிம்பில் மோதினான். நான் அவன் தொடையில் கத்தரிக்கோலைச் செருகினேன். அப்பா இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிப் போட்டார். கட்டுக்குள் இருந்தபடியே ஒருவரையொருவர் கடித்தோம். இதில் பெருமை ஒன்றும் இல்லை. நான் கோபக்காரன், என் ஒவ்வொரு அடிக்கும் என்னிடம் ஒரு நியாயம் இருந்தது, அது தெரிந்து மேலே படிப்பது நல்லது.

எங்களுடையது ராசிபுரத்தில் பட்டுச்சேலை நெய்யும் குடும்பம். சேலையில் பூவும் மயிலும் வர வேண்டுமானால் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் அதில் சரமாகக் கோத்துத் தொங்கும். எந்த அட்டையில் எங்கே ஓட்டை என்பதுதான் டிசைன். கட்டம் போட்ட தாளில் பூவை வரைந்து, கட்டம் கட்டமாக எண்ணி, உளியால் அட்டையைக் குத்த வேண்டும். ஒரு முந்திக்கே நாள்கணக்கில் குத்துவார்கள். எண்ணிக்கையில் ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்குக் கழுத்து ஒடிந்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சேலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, அந்த எண்ணும் வேலையைச் செய்ய ஒரு புரோகிராம் எழுதினேன். அந்தக் காலத்து டாஸில் ஓடும். கறுப்புத் திரையில் பச்சைக் கட்டங்கள் வரும், அம்புக்குறி விசையால் நகர்ந்து நகர்ந்து பூவை வரையலாம். முடித்ததும் எந்த அட்டையில் எத்தனையாவது ஓட்டை என்று பிரிண்டர் கறகறவென்று அடித்துத் தள்ளும். எழுத இரண்டு வருடம் ஆனது. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, ஒரே ஒரு புத்தகம் இருந்தது, அதிலும் பாதி புரியவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

எழுதியது நான் என்றாலும் டிசைன்களை ஏற்றியது அண்ணன். அவன் கம்ப்யூட்டர் முன்னால் கல்லைப்போல உட்காருவான். தாத்தா காலத்து மாங்காய், அப்பா வரைந்த அன்னம், அவனே வரைந்த கொடி என்று ஒவ்வொன்றாகக் கட்டம் கட்டமாக ஏற்றினான். ஏறி முடிந்த டிசைனின் பழைய அட்டைகளையும் தாள்களையும் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தோம். அட்டை நன்றாக எரியும். இனி எல்லாம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று அவன் நம்பினான், நானும் நம்பினேன்.

அப்பா இறந்து ஆறு மாதத்தில் பாகம் பிரித்தோம். எங்கள் வீட்டு வழக்கப்படி மூத்தவன் இரண்டாகப் பிரித்து வைப்பான், இளையவன் தனக்கு வேண்டிய பக்கத்தை எடுப்பான். ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார். தறிகளும் கம்ப்யூட்டரும் அண்ணனுக்கு, சேலம் சூரமங்கலத்தில் அப்பா வாங்கிப் போட்டிருந்த சின்னக் கடை எனக்கு என்று பேச்சானது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் முந்தின நாளே நான் ஒரு வேலை செய்திருந்தேன். புரோகிராமின் சோர்ஸ் கோடு முழுவதையும், டிசைன்களைத் தவிர அதோடு சேர்ந்த மற்றவற்றையும் இருபது பிளாப்பித் தட்டுகளில் காப்பி எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து சோர்ஸை மட்டும் அழித்துவிட்டேன். புரோகிராம் ஓடும், ஆனால் உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது.

“பெட்டி அண்ணன்கிட்டயே இருக்கட்டுங்க. சோர்ஸ் மட்டும் எனக்கு வேணும்,” என்றேன்.

“அதென்ன சாமி சோர்ஸு?” என்றார் பெரியவர்.

தமிழில் சொன்னால் புரியும் என்று நினைத்தேன். “மூலமுங்க. புரோகிராமோட மூலம்.”

“மூலமா? அதுக்குத் திருச்செங்கோட்டுல நல்ல வைத்தியரு இருக்கறாரே.”

கூடமே சிரித்தது. அண்ணன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். இரண்டு வருடம் கண் எரிய எழுதியதை மூலவியாதி ஆக்கிவிட்டார்களே என்று எனக்கு உச்சந்தலை சூடேறியது. பக்கத்தில் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்து அவன் முகத்தில் எறிந்தேன். உதடு கிழிந்தது. அவன் எழுந்து வந்து என் வாயில் குத்தினான், முன்பல் ஒன்று பாயில் விழுந்தது. நாலு பேர் பிடித்து இழுத்து உட்கார வைத்த பிறகு, பெரியவர் ரத்தத்தைப் பார்க்காதவர்போல, நான் கொண்டுவந்து அடுக்கியிருந்த பிளாப்பிகளைக் காட்டிப் பேச்சைத் தொடர்ந்தார்.

“அந்தத் தட்டு எத்தனை இருக்குது?”

“இருபதுங்க,” என்று எண்ணிச் சொன்னான் அண்ணன்.

“அப்பறம் என்ன? பத்து உனக்கு, பத்து அவனுக்கு. முடிஞ்சுது.”

அண்ணன் பிரித்தான். சீட்டுப் போடுவதுபோல ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். நான் எண் எழுதி ஒட்டி வரிசையாக அடுக்கியிருந்ததால் ஒற்றைப்படை எல்லாம் ஒரு குவியலாகவும் இரட்டைப்படை எல்லாம் ஒரு குவியலாகவும் சேர்ந்தன. நான் ஒற்றையை எடுத்தேன்.

அந்தக் காப்பி எப்படிப்பட்டது என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லாவற்றையும் சுருக்கி ஒரே நீளமான கோப்பாக்கி, அதைத் துண்டு துண்டாக இருபது பிளாப்பியில் வைத்திருந்தது. அட்டைச் சரம் மாதிரி, நடுவில் ஒன்று போனாலும் மீதி உதவாது. பாத்திரம் பண்டம்போல அதைப் பிரித்தால் இரண்டு பேருக்கும் குப்பைதான் மிஞ்சும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், புரோகிராம் தறியோடு சேர்ந்தது, முழுசும் அண்ணனுக்கே என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. அதைவிட, யாருக்கும் கிடைக்காமல் போகட்டும் என்ற வன்மம் இருந்தது. வாயில் ரத்தத்தை விழுங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

பிறகு சூரமங்கலம் கடையில் ஜெராக்ஸும் பிரிண்டர் ரிப்பேரும் போட்டேன். அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் காலை, கடை ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ என் தலைமுடியைப் பிடித்தார்கள். திரும்புவதற்குள் நெற்றி ஷட்டரில் மோதியது. அண்ணன்.

“என்னத்தடா வெச்ச அதுக்குள்ள?” என்றான். “சொல்லு. என்னத்த வெச்ச?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடிகளுக்கு நடுவில்தான் தெரிந்தது. புதிதாக ஒரு டிசைனைச் சேமிக்கப் போயிருக்கிறான். கம்ப்யூட்டர் ஒரு நிமிடம் இரைந்தது. பிறகு பார்த்தால் டிசைன் பட்டியல் காலி. தாத்தாவின் மாங்காயும் இல்லை, அப்பாவின் அன்னமும் இல்லை, அவன் நாலு வருடம் உட்கார்ந்து ஏற்றியதில் ஒன்றுகூட இல்லை. தாளும் அட்டையும் ஏற்கெனவே அடுப்பில் போயிருந்தன. தீபாவளிக்கு நெய்ய வேண்டிய தறிகள் நின்றுவிட்டன. நான் வேண்டுமென்றே உள்ளே கண்ணி வைத்துவிட்டுப் போனதாக அவன் நம்பினான்.

நான் எதையும் வைக்கவில்லை என்றேன். அவன் என் இடதுகையை ஷட்டரின் அடிச்சட்டத்துக்குக் கீழே வைத்து ஷட்டரை இழுத்துவிட்டான். மோதிர விரல் முறிந்தது. இன்றைக்கும் அது மடங்காது, ‘எஸ்’ எழுத்தை நடுவிரலால்தான் தட்டுகிறேன். ஜங்ஷனுக்குப் போகும் டவுன் பஸ் ஒன்று நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது.

அடுத்த வாரம் பெரியவர் ஒரு தீர்ப்பு சொன்னார். குலசாமி கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் அண்ணன் அதற்கு மேல் பேசக்கூடாது. மத்தியான வெயிலில் கோயிலுக்குப் போனோம், நானும் அவனும் மட்டும். பூசாரி கற்பூரம் கொளுத்தித் தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போனார். நான் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலதுகையால் தீபத்தை அமுக்கி அணைத்தேன். “அவனோட டிசைன் அழிஞ்சதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை,” என்றேன். மனதாரச் சொன்னேன். உள்ளங்கை சுட்டது, எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

“பொய்ச் சத்தியம் பண்ற நாயி,” என்றான் அண்ணன். “சாமி முன்னாலயே பொய் சொல்றியே.”

பக்கத்தில் பூசை மணி இருந்தது. பிடியின் தலையில் சின்னதாக ஒரு சூலம். அதை எடுத்து அவன் முகத்தில் அடித்தேன். ஒரே அடி. சூலம் இடது கண்ணில் இறங்கியது. அவன் கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டான், விரல்களுக்கு நடுவில் ரத்தமும் வேறு ஏதோ ஒன்றும் வழிந்தன. நான் நிற்கவில்லை. மணியைப் போட்டுவிட்டு ஓடினேன், சாலையில் கிடைத்த பஸ்ஸில் ஏறிச் சேலம் போய்விட்டேன். அவனை யார் தூக்கினார்கள், எப்படி ஆஸ்பத்திரிக்குப் போனான், என்ன சொன்னான், எதுவும் எனக்குத் தெரியாது. கண்ணை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் பத்து நாள் கழித்துக் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் நான் ராசிபுரம் போகவில்லை. ஊரே என்னைக் கண்பிடுங்கி என்று சொல்லும் என்று நினைத்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், குற்ற உணர்ச்சி எனக்கு இருந்ததில்லை. நான் தப்பு செய்யவில்லை. செய்யாத தப்புக்கு என் விரலை முறித்தான், சத்தியத்தையும் பொய் என்றான். அப்படிச் சொன்னவனை அடித்தேன். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன், தூங்கினேன், இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். புரோகிராமின் சோர்ஸ் மட்டும் முழுசாக இருந்திருந்தால் வரிவரியாகக் காட்டி நிரூபித்திருப்பேன் என்று மனைவியிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். என் பத்து பிளாப்பிகளையும் ஒரு பிஸ்கட் டின்னில் பூட்டி வைத்திருந்தேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, கடைக்கு ஒரு போன் வந்தது.

“சித்தப்பாங்களா? நான் உங்க அண்ணன் பொண்ணு பேசறேனுங்க.”

கடைசியாக நான் பார்த்தபோது அவளுக்கு இரண்டு வயது. இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையாம். லீவு நாட்களில் இன்னொரு வேலை செய்கிறாள். நம் பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்தில் எழுதிய புரோகிராம்களைத் தேடிச் சேகரிக்கிறாள். கோழித்தீவனம் கலக்கக் கணக்குப் போட்டது, லாரி புக்கிங் ஆபீஸுக்கு எழுதியது, ஜாதகம் கணித்தது என்று எதையும் விடுவதில்லை. பழைய பிளாப்பிகளை வாசித்து, உள்ளே இருப்பதை அப்படியே எடுத்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் வைக்கும் ஒரு சின்னக் கூட்டம் அவர்களுடையது. அவள் அப்பா வீட்டுப் பீரோவில் பத்து பிளாப்பி கிடைத்ததாம், எல்லாம் என் கையெழுத்தில்.

“எல்லாமே ரெட்டைப்படையா இருக்குதுங்க. ஒத்தை உங்ககிட்ட இருக்குதுங்களா?”

இத்தனை நடந்தும் இந்தப் பெண் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாள், எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். தருகிறேன் என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை, திறக்கும்போது உன் அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொரு வரியையும் அவன் கேட்க வேண்டும் என்றேன்.

“அப்பாவும் அதையேதானுங்க சொன்னாரு,” என்றாள். “நீங்க என்னமோ வெச்சிருக்கீங்களாம், அதைப் பாக்கோணுமாம்.”

அடுத்த நாள் டின்னைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ராசிபுரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவன் முகத்துக்கு நேரே என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். வாசலில் அவன் நின்றிருந்தான். தலை நரைத்து, உடம்பு வற்றி, இடது கண் இருந்த இடத்தில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நான் தயாரித்த பேச்செல்லாம் போய்விட்டது. அவன்தான் முதலில் ஆரம்பித்தான்.

“இத்தனை வருஷம் கழிச்சு எதைத் திருத்திக் கொண்டாந்திருக்கற?”

“உன்ற பத்தையும் பாரு. அதுல என்ன திருத்தினேன்னு சொல்லு,” என்றேன்.

அவன் என் பையைப் பிடித்து இழுத்தான், நான் விடவில்லை. டின் விழுந்து திறந்து பிளாப்பிகள் வாசலெங்கும் சிதறின. அவன் என் கழுத்தைப் பிடித்தான், நான் அவன் வயிற்றில் முட்டியால் இடித்தேன். இரண்டு கிழவர்கள், ஒருவனுக்குச் சர்க்கரை, ஒருவனுக்கு மூட்டுவலி, மண்ணில் உருண்டோம். அவன் என் காதைக் கடித்தான். நான் அவன் தாடையில் குத்தினேன், கை எனக்குத்தான் வலித்தது. அண்ணன் மகள் ஓடி வந்தாள். எங்களைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பிளாப்பியாகப் பொறுக்கி, துடைத்து, டின்னில் போட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அதற்குப் பிறகு வந்து, தெருநாய்ச் சண்டைக்கு ஊற்றுவதுபோல ஒரு குடம் தண்ணீரை எங்கள் தலையில் ஊற்றினாள்.

“பதிமூணாம் நெம்பரை மிதிச்சுட்டீங்க,” என்றாள். “அதுக்கு மேல ஒண்ணு போயிருந்தா ரெண்டு பேரையும் ஊட்டுக்குள்ள உட்டிருக்க மாட்டேன்.”

பதிமூன்றின் கூடு நொறுங்கியிருந்தது. அவள் கையுறை மாட்டிக்கொண்டு, கூட்டைப் பிளந்து, உள்ளே இருந்த மெல்லிய வட்டத்தை மட்டும் எடுத்து வேறொரு பிளாப்பியின் கூட்டுக்குள் மாற்றினாள். நாலிலும் பதினொன்றிலும் பூஞ்சை படிந்திருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு குழந்தையின் கண்ணைத் துடைப்பதுபோலத் துடைத்தாள். அண்ணன் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் ஈரத்துணியோடு உட்கார்ந்து பார்த்தோம். முதலில் பிளாப்பியில் உள்ளதை உள்ளபடி எடுப்பார்கள், பழுதோ பிழையோ எதையும் தொடமாட்டார்கள் என்று சொன்னாள். “ஒரு புள்ளி மாத்தினாலும் அது பழசு இல்லீங்க. நாம பண்ணின புதுசு.”

இருபதும் வாசித்தாயிற்று. அவற்றை ஒட்டி, பிரித்து, கோப்புகளாக்க அவளுக்கு இரண்டு நாள் ஆனது. நான் தினமும் பஸ்ஸில் வந்து போனேன். இரண்டாம் நாள் முற்பகல் அண்ணன் தறிக்கூடத்துக்குப் போயிருந்த சமயம், அவள் என்னை மெதுவாகக் கூப்பிட்டாள்.

“சித்தப்பா, இது நீங்க எழுதினதுங்களா?”

லேப்டாப் திரையில் என் புரோகிராம் இருந்தது. இருபத்தாறு வயதில் நான் எழுதியது, ஒவ்வொரு வரியும் என் கை. அவள் விரல் ஒரு இடத்தைக் காட்டியது. டிசைனை அழிக்கும் பகுதி. அழிக்க வேண்டிய எண் பூஜ்யமாக இருந்தால் எல்லா டிசைனையும் அழித்துவிடு என்று எழுதியிருந்தேன். புரோகிராமை உருவாக்கும்போது சோதனைக்கு நூறு பூ வரைவேன், அவற்றை ஒரே தட்டில் துடைத்துப்போட அது வசதியாக இருந்தது. எண்ணுக்கு மூன்று இலக்கம் மட்டும் இடம் விட்டிருந்தேன். புதிய டிசைனைச் சேமிக்கும் முன்னால் அதே எண்ணில் பழையது இருந்தால் புரோகிராம் தானாக அழிக்கும். அண்ணன் ஆயிரமாவது டிசைனைச் சேமித்தபோது ஆயிரத்தில் முன்னால் இருக்கும் ஒன்று என்ற இலக்கம் இடமில்லாமல் விழுந்துவிட்டது, மூன்று பூஜ்யம் மட்டும் நின்றது. பூஜ்யம் என்றால் எல்லாம். அந்த வரிக்குப் பக்கத்தில் நானே எனக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ். ‘இது என் சோதனைக்கு. அண்ணனிடம் கொடுக்கும் முன் எடுக்கணும்.’

நான் எடுக்கவில்லை.

“அந்த வரியை அழிச்சிரு,” என்றேன்.

“முடியாதுங்க.”

“அந்தக் குறிப்பை மட்டுமாவது அழிச்சிரு. நான் எழுதினது, எனக்கு உரிமை இருக்குது.”

“மூணு இடத்துக்கு அனுப்பியாச்சுங்க சித்தப்பா. இனி நான் நெனச்சாலும் முடியாது.”

லேப்டாப்பைப் பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன், வளையல் உடைந்து அவள் தோலைக் கிழித்தது. கையை ஓங்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஓங்கினேன்.

“அவ மேல அடி உழுந்துச்சுன்னா உன்னைக் கொன்னு இங்கயே பொதைச்சிருவேன்,” என்று வாசற்படியிலிருந்து அண்ணன் சொன்னான். சத்தமே போடவில்லை.

கையைக் கீழே போட்டேன். அவனுக்கு இருக்கிற ஒரு கண்ணிலும் புரை விழுந்திருந்தது, திரையைப் படிக்க முடியாது. அதனால் நானே படித்தேன். பூஜ்யம் என்றால் எல்லாம் என்பதைப் படித்தேன். குறிப்பையும் படித்தேன். ஆயிரமாவது டிசைனில் என்ன நடந்தது என்று சொன்னேன். அவன் சுவரில் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“வேணும்னு உட்டியா, மறந்துட்டியா?”

இருபத்தெட்டு வருடம் என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. காப்பி எடுத்த அன்றைக்கு, சோர்ஸை அழிக்கும் முன் ஒருதடவை முழுசாகப் பார்த்தேன். அந்தக் குறிப்பு கண்ணில் பட்டதா என்று யோசித்தேன். பட்டதுபோலவும் இருந்தது, படாததுபோலவும் இருந்தது. அன்றைக்கு அவன்மேல் எனக்கு இருந்த வெறியில், பட்டிருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அது மட்டும் நிச்சயம்.

“தெரியலீங்ணா,” என்றேன்.

அவன் வந்து என் கன்னத்தில் அறைந்தான். காது இரைந்தது. இன்னொரு அறை. நான் கையைத் தூக்கவில்லை. மூன்றாவதுக்கு ஓங்கிய கையை அவனே இறக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான், அவனுக்கு மூச்சு வாங்கியது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் மகள் மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு புரோகிராமுக்கும் அதன் கதையை எழுதி வைப்பது வழக்கம் என்றாள். யார் எழுதியது, எங்கே ஓடியது, பிழை என்ன, அதனால் என்ன ஆயிற்று. சொல்லுங்கள், தட்டுகிறேன் என்றாள். சொன்னேன். அழிந்த டிசைன்களைச் சொன்னேன், நின்ற தறிகளைச் சொன்னேன், கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தைச் சொன்னேன். அவள் மளமளவென்று தட்டிக்கொண்டே வந்தாள்.

“உண்மையைச் சொன்ன அண்ணனைப் பூசை மணியால அடிச்சு இடது கண்ணை எடுத்தேன்னு போடு.”

அவள் விரல்கள் நின்றன.

“கண்ணுல தறி நாடா தெறிச்சுதுன்னுதானே சொன்னீங்க?” என்றாள். என்னிடம் கேட்கவில்லை, அப்பாவிடம் கேட்டாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. அண்ணியிடம் சொல்லவில்லை. போலீஸ் என் கடைப்பக்கம் ஏன் வரவில்லை, ஊர் ஏன் என்னைத் தேடவில்லை என்று இத்தனை வருடம் நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. ரத்தம் ஒழுகத் தறிமேட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாக்கட்டை தெறித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அதையே இருபத்தெட்டு வருடம் சொல்லியிருக்கிறான்.

“நாடாதான் சாமி,” என்று மகளிடம் சொன்னான் அண்ணன். “அவனுக்கு வயசாயிருச்சு, எல்லாம் கொழம்புது.”

“இல்லை, நான்தான்,” என்றேன். “அண்ணா, உள்ளதைச் சொல்லுங்க.”

“உன்ற புரோகிராமுல ஒரு புள்ளிகூட மாத்தக்கூடாதுங்கறா. என்ற சொல்லை மட்டும் எதுக்கு மாத்தச் சொல்ற?”

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு திரையில் நான் சொன்னதை ஒரு வரியாகவும், அவன் சொன்னதை அதற்குக் கீழே இன்னொரு வரியாகவும் தட்டினாள். இரண்டில் ஒன்றையும் அழிக்கவில்லை. எழுந்து போய் என் பிஸ்கட் டின்னை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள். சித்தப்பா என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் எனக்கு மாதம் ஒரு தடவை போன் செய்கிறான், சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பேசுகிறோம். அவள் ஒரு தடவைகூடப் பேசவில்லை. அந்தப் புரோகிராம் இணையத்தில் இருக்கிறது, நான் எழுதியபடியே, அந்த வரியும் குறிப்பும் சேர்த்து. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.